கொடியில் ஒரு கூடு

மனிதர் கட்டும் வீடு மனிதருக்கு மட்டுமே உரியதாக எக்காலத்திலும் இருந்ததில்லை. ஓட்டு வீட்டின் உத்தரத்தில் சிட்டுக்குருவி குடியிருந்தது. சுவர்ப் பொந்தில் மைனா முட்டையிட்டது. தாழ்வாரத்தில் அணில் ஓடியது. சுவரில் சாய்வாக மாட்டிய தாத்தாவின் படத்துக்குப் பின்னால் குருவி வைக்கோல் சேர்த்தால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் படத்தைத் துடைக்காமல் விட்ட குடும்பங்கள் பல. கருவுற்ற தன் பேடைக்குக் கூடமைக்க, ஆண்குருவி கரும்பின் பூவைக் கோதுவதாகக் குறுந்தொகையின் 85ஆம் பாடல் கூறுகிறது. அக்குருவியைக் காட்டுப் பறவையாக அன்றி, ஊருக்குள் வாழும் பறவையாகவே புலவர் காட்டுகிறார்.

இன்றைய நகர வீட்டில் உத்தரம் இல்லை. ஓட்டின் இடுக்கும் இல்லை. கண்ணாடியும் கொசுவலையும் சன்னல்களை மூடியிருக்கின்றன. 2020ஆம் ஆண்டு வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சிட்டுக்குருவிகள் நாடு முழுவதிலும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்து வருகின்றன என்றும் தெரிவித்தது. ஆயினும், நகரத்தில் ஒரு முழக் கயிறு கிடைத்தாலும் அதில் வாழ்வைத் தொடங்கும் பறவைகள் உண்டு.

மயிலாப்பூரில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளம். பாட்டி, தந்தை, தாய், பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மகள் என நால்வர் வாழும் வீடு. பால்கனியில் துணிக்கொடியைக் கொக்கியில் கட்டியபின் எஞ்சிய கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பங்குனி மாதத்தின் ஒரு காலையில் அக்கயிற்றின் நுனியில் சிறிது நாரும் ஒட்டடையும் ஒட்டியிருந்ததைத் தாய் கண்டார். குப்பையென்று எண்ணி எடுக்க நீட்டிய கையை, எதிரே செம்பருத்திக் கிளையில் எழுந்த ஒரு கீச்சொலி நிறுத்தியது. வாயில் நூலிழை போன்ற ஒன்றைக் கவ்வியபடி ஒரு தேன்சிட்டு அங்கே காத்திருந்தது.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டு பத்து கிராம் எடைகூட இல்லாத பறவை. ஆணின் உச்சந்தலையில் பச்சை ஒளிரும். மார்பு மஞ்சளாக இருக்கும். பெண்ணுக்கு அத்தனை பளபளப்பு இல்லை. ஆனால், கூடு கட்டும் உழைப்பு பெண்ணினுடையது. நார், காய்ந்த இலைத்துணுக்கு, மரப்பட்டைத் தூள் ஆகியவற்றை அது சிலந்தி நூலால் பிணைக்கிறது. சிலந்தி நூல் இழுபடும்; அறுபடாது. காற்றில் ஆடும் கூட்டுக்கு அதைவிடச் சிறந்த கட்டுப்பொருள் இல்லை. பொங்கலுக்கு முன் மனிதர் அடித்துக் களையும் ஒட்டடைதான் அப்பறவைக்குச் சுண்ணாம்பும் சாந்தும். சில நாள்களில் கயிற்று நுனியில் ஒரு பை தொங்கியது. பக்கவாட்டில் வாயில், அதன்மேல் மழையும் வெயிலும் புகாதவாறு சிறு இறவாரம்.

அன்றுமுதல் வீட்டின் நடைமுறைகள் மாறின. துணிகள் மொட்டைமாடிக்குச் சென்றன. சித்திரைக்கு முன் பால்கனிக்கு வண்ணம் பூச வரவிருந்தவர்களிடம் தாய் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். மகள் கைபேசியில் படம் எடுக்க விரும்பினாள். கதவைத் திறந்தால் தாய்ப்பறவை பறந்துவிடுவதைக் கண்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே பார்க்கப் பழகினாள். இவை எளிய மாற்றங்கள். எளிதில் தீராத சிக்கல் ஒன்றும் இருந்தது.

அதே பால்கனிச் சுவரில்தான் பாட்டி நாள்தோறும் காக்கைக்குச் சோறு வைப்பார். முன்னோரை நினைத்து வைக்கும் சோறு அது. கணவர் மறைந்த நாள்முதல் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால், காக்கை சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். அது நாள்தோறும் வந்தமரும் இடத்துக்கும் கூட்டுக்கும் நான்கடிதான் இடைவெளி.

“அம்மா, குஞ்சுகள் பறக்கும்வரை இதை நிறுத்தி வைக்கலாமா?” என்று மகன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பாட்டி உடனே விடை கூறவில்லை. எதிர்வீட்டு வேப்பமரத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். அங்கே சுள்ளிகளுக்கு நடுவே ஒரு காக்கை அடைகாத்துக்கொண்டிருந்தது.

“அதற்கும் இது குஞ்சு பொரிக்கும் காலந்தானேப்பா. பசியோடு எப்படி விடுவது?” என்றார்.

மறுநாள் காலை, மூட்டுவலியோடு படியேறி மொட்டைமாடியில் சோறு வைத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள், படிக்கட்டின் அடியில் காத்திருந்த பேத்தி அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

இத்தனைக்குப் பின்னும் காக்கை ஒருமுறை கம்பியில் வந்தமர்ந்தது. தந்தை கைதட்ட, அது பறந்துபோயிற்று. கூட்டைச் சுற்றி வலை கட்டலாமா என்று அவர் எண்ணினார். வலை காக்கையைத் தடுக்கும், தாய்ப்பறவையையும் தடுக்கும். கூட்டை வேறிடத்துக்கு மாற்றினால், பறவை அதைக் கைவிட்டுவிடக்கூடும். பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் கூடுகளைக் கலைப்பதையும் ‘வேட்டையாடுதல்’ என்னும் சொல்லின் பொருளுக்குள் அடக்குகிறது. நல்லெண்ணத்தோடு நீளும் கையும் கூட்டுக்குத் தீங்கு செய்யக்கூடும்.

ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பெண்பறவை அடைகாத்தது. பின்னர், வாயிலில் இரு சிறு அலகுகள் தெரிந்தன. தேனுண்ணும் பறவையாயினும், குஞ்சுகளுக்குத் தேன்சிட்டு பூச்சிகளையும் சிலந்திகளையும் கொணர்கிறது. வளரும் உடலுக்குப் புரதம் வேண்டும். ஆண்பறவையும் இரை தேடுவதில் பங்கேற்றது. அவ்வாண்டு தொட்டிச் செடிகளுக்குத் தாய் பூச்சிமருந்து தெளிக்கவில்லை.

ஒரு காலையில் குஞ்சு ஒன்று பறந்தது. மற்றொன்று பால்கனித் தரையில் விழுந்தது. மகள் கதவருகே ஓடினாள். பாட்டி அவள் தோளைப் பற்றி நிறுத்தினார். கால்மணி நேரம் கழித்துத் தாய்ப்பறவை தரைக்கு இறங்கி ஊட்டியது. நண்பகலில் குஞ்சு செம்பருத்தித் தொட்டியின் விளிம்பை எட்டியது. மாலையில் அங்கே இல்லை. அது பிழைத்ததா என்பதை அறிய வழியில்லை. காட்டுயிருக்கு இடமளிப்பவர் இந்த அறியாமையையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். முன்பின் அறியாத புதியவரே விருந்தினர். அவ்வகையில் பறவையே முழுமையான விருந்தினர். அது அழைப்பை எதிர்பார்ப்பதில்லை, நன்றி சொல்வதில்லை, தன்னை ஒரு குடும்பம் ஓம்பியது என்பதையும் அறிவதில்லை. மனிதர் அளிக்க வேண்டியதும் மிகச் சிறிது: தொங்கும் ஒரு கயிறு, பூக்கும் ஒரு செடி, பூச்சிகள் வாழ நஞ்சற்ற மண், கோடையில் ஒரு கிண்ணம் நீர். சிட்டுக்குருவிக்கானால், 32 மில்லிமீட்டர் அகலத் துளையுள்ள ஒரு மரப்பெட்டி. இவற்றை வைத்துவிட்டு விலகி நிற்பதுதான் கடினம். அன்பு செலுத்துவோர் உரிமை கொண்டாடவும் விரும்புவர். அவ்விருப்பத்தை ஒரு மாதம் அடக்கிவைக்கக் கற்றுக்கொண்ட வீட்டில், கிண்ணத்தோடு படியேறும் வழக்கம் பேத்தியிடம் நிலைத்துவிட்டது. காக்கைகள் இப்போது மொட்டைமாடியில் அவளுக்காகக் காத்திருக்கின்றன.