ஆரணிக்குப் போன புல்லட்

ஆரணிக்குப் போகிறவர்கள் பட்டுப் புடவை வாங்கப் போவதுதான் உலக வழக்கம். நாமும் அதற்குத்தான் போனோம். ஆனால் நம் மோட்டார் சைக்கிளை அவ்வூர் நண்பர் ஒருவருக்கு விற்று, அந்தப் பணத்தில் புடவை வாங்குவதென்று வீட்டில் மகாநாடு கூடித் தீர்மானம் நிறைவேறியிருந்தது.

வண்டி, 2003-ல் வாங்கிய புல்லட். அதன் மீட்டர் 99,999 கிலோமீட்டரைக் கடந்து, மறுபிறவி எடுத்துப் பூஜ்யத்திலிருந்து எண்ணிக் கொண்டிருக்கிறது. குலமும் சாமானியமன்று. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் பிறந்த குலம். 1955-ல் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டு, திருவொற்றியூரில் நம்மவர் கைகளால் புல்லட் உருவாகத் தொடங்கிற்று. தாய்க் கம்பெனி பிறகு மறைந்தது. சென்னைப் பிள்ளை இன்னும் வாழ்கிறது. ஆனால் நம்முடையது போன்ற வார்ப்பிரும்பு என்ஜின் இப்போது தயாராவதில்லை. விற்றால் விற்றதுதான்.

சகதர்மிணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேலூரிலிருந்து புறப்பட்டோம். கண்ணமங்கலம் தாண்டியதும் என்ஜினில் 'டிக் டிக்' என்று ஒரு சப்தம். "கிழம் இருமுகிறது" என்றாள் அவள்.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. 1751-ல் கிளைவின் படை போர் புரிந்த ஊர். இன்று தெருவில் நம் காதில் விழுவது தறிச் சப்தந்தான். மெக்கானிக் பெரியவர் வண்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"கடைசியா டேப்பெட் எப்போ பார்த்தீங்க, வாத்தியாரையா?"

வண்டிக்கென்று வைத்திருக்கும் நோட்டைப் பிரித்தோம். எட்டு மாதமாக ஒரு வரி இல்லை! பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் கோடு போடும் கை, சொந்த நோட்டை மறந்துவிட்டது.

"சூட்டோடு பார்க்கக் கூடாது. ஆறட்டும், தறி பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார் அவர்.

பக்கத்து வீட்டில் நெசவாளர் குழித்தறியில் அமர்ந்திருந்தார். பாவில் ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத அந்த இழையைத் தேடி எடுத்து முடிந்தார். "ஒன்றை விட்டால் என்ன?" என்று கேட்டோம்.

"ஒன்றுதான் ஐயா. ஆனால் அந்தக் கோடு சேலை நெடுக ஓடுமே!"

திரும்பி வந்தபோது என்ஜின் ஆறியிருந்தது. பெரியவர் மூடியைக் கழற்றி உள்ளேயிருந்த இரண்டு கம்பிகளைக் காட்டினார். விரலால் உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அதுதான் கணக்கு. ஒன்று நன்றாக ஆடிற்று. அதைச் சரிசெய்து, மையாய்க் கறுத்திருந்த எண்ணெயை மாற்றி, பாயிண்டைத் துடைத்தார். அம்மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்தி ஒரே உதை. 'டுப் டுப்' என்ற பழைய குரல் எழுந்தது.

"கிழமும் இல்லை, நோயும் இல்லை. கவனிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

வாங்க வந்திருந்த நண்பர் சத்தத்தைக் கேட்டு, பேசிய விலைக்குமேல் 5,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். நாம் சகதர்மிணியின் முகத்தைப் பார்த்தோம்.

"சரிகை குறைந்த புடவையே போதும். எழுந்து வண்டியை எடுங்கள்" என்றாள் அவள்.

எடுப்பதற்கு முன், தேதி போட்டு நோட்டில் ஒரு வரி எழுதினோம்.