ஊற்றியவர் கொணர்ந்தது

நீரில் கரைந்த உப்பு, மின்னூட்டம் கொண்ட அணுக்களாகவோ அணுத்தொகுதிகளாகவோ பிரிந்து நிற்கும். அயனிகள் எனப்படும் இவற்றுட் பல நிறமற்றவை ஆதலால், சோடியம் குளோரைடு கரைந்த நீரும் சோடியம் சல்பேட் கரைந்த நீரும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். எனவே அறிந்த பொருளொன்றைச் சேர்த்து, நிறம் மாறுகிறதா, வாயு எழுகிறதா, கரையாத திண்மம் வீழ்படிவாக இறங்குகிறதா என்று பார்த்தே உள்ளிருப்பதை உய்த்துணர வேண்டியிருக்கிறது. இம்முறையில் ஓர் இடர் உண்டு: சேர்ப்பவர் தம்மை அறியாமல் வேறெதையேனும் சேர்த்துவிடக்கூடும்.

குளோரைடு உள்ள கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சில துளிகள் விட்டால், வெள்ளி குளோரைடு தயிர்போல் வெண்மையாகத் திரண்டு வீழும். அம்மோனியாக் கரைசலை ஊற்றியதும் அது கரைந்து மறையும். கார்பனேட்டும் வெள்ளியோடு வீழ்படிவு தருமாகையால், அதனை முன்னதாகவே நுரைத்தெழச் செய்து அகற்றுவதற்கு நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. அதற்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால், தேடும் குளோரைடைத் தாமே உள்ளே வைத்துவிட்டுப் பின்னர் அதைக் கண்டறிந்ததாக எழுதிவைக்க நேரும். வாலைவடிநீருக்கு மாறாகக் குழாய்நீரில் உப்பைக் கரைத்தாலும் இதே கதிதான். பேரியம் குளோரைடைக் கொண்டு சல்பேட்டைத் தேடும்போதோ, அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏற்புடையதாகி, சல்பூரிக் அமிலம் விலக்கப்படுகிறது.

சுடர்ச் சோதனையில் இவ்விடர் இன்னும் மிகுதி. பொட்டாசியம் சுடருக்கு இளம் ஊதா நிறம் தரும் எனினும், விரல்பட்ட கம்பியில் ஒட்டிய வியர்வையின் சோடியமே தன் பொன்மஞ்சளால் அதை மறைத்துவிடும். ஆகவேதான் பிளாட்டினக் கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, சுடரில் நிறம் தோன்றாமல் போகும் வரை மீண்டும் மீண்டும் காய்ச்சுகின்றனர். ஹைடல்பர்க் நகரில் புன்சென், கிர்க்காஃப் இருவரும் 1860-இல் வெளியிட்ட ஆய்வில், அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை எரித்தபோது, தொலைவிலிருந்த சுடரின் நிறமாலையில் சில நிமிடங்களில் சோடியத்தின் மஞ்சள் கோடு தோன்றியதாகக் குறித்தனர். இத்துணை நுட்பமான சோதனையில், அறையின் தூசியும் விடை சொல்லத் தொடங்கிவிடும்.

இந்த ஐயத்தைத் தீர்ப்பது வெற்றுச் சோதனை. அதாவது, உப்பில்லாத வாலைவடிநீரில் அதே அமிலத்தையும் அதே வெள்ளி நைட்ரேட்டையும் அதே அளவில் சேர்த்துப் பார்ப்பது. எதுவும் நிகழாத அச்சோதனைக்குழாயை வீண்வேலை என்று விட்டுவிடுவோர் உண்டு. ஆனால் பக்கத்துக் குழாயில் இறங்கிய வெண்மை உப்பினுடையதா, ஊற்றியவருடையதா என்பதற்குச் சாட்சி அது ஒன்றே.