கல்வி டிவியும் ஈர்க்குச்சிக் கட்டும்

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, பௌர்ணமி கிரிவலமும் நின்றுபோனது நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். 14 கிலோமீட்டர் பாதையும் வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே பூ விற்றுப் பிழைத்த எங்கள் தெருக் குடும்பம் ஒன்றுக்கு வருமானம் போயிற்று. மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய அவர்கள் மகளுக்குப் படிப்பும் நின்றது. வீட்டில் ஸ்மார்ட்போன் கிடையாது. அரசு கொடுத்த பழைய கலர் டிவி ஒன்றுதான் இருந்தது.

நல்லவேளையாக, 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வி தொலைக்காட்சி அதில் வந்தது. பாடங்கள் நன்றாகவே இருந்தன. அந்தக் குழந்தையும் கண் கொட்டாமல் பார்த்தாள். ஆனால் 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்றாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, நான்கில் ஒன்று போனால் மூன்று. அவள் கணக்கு அப்படி!

டிவி டீச்சர் கேள்வி கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார். பிறகு "சரியாகச் சொன்னீர்கள்" என்று அடுத்ததற்குப் போய்விடுவார். குழந்தை தப்பாகச் சொன்னது அவர் காதில் விழ வழியில்லையே! அந்தக் குறையை நிரப்பப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

முகக்கவசத்தோடு அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். பாடம் முடிந்ததும் டிவியை அணைத்துவிடுவோம். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக, பூக்கட்டும் வாழைநாரால் கட்டினாள். நாலு கட்டு, இரண்டு உதிரி. "பதினேழு எடு" என்றேன். திகைத்தாள். "ஒரு கட்டைப் பிரிச்சுக்கட்டுமா தாத்தா?" என்றாள். அவ்வளவுதான். கடன் வாங்கிக் கழிப்பது புரிந்துவிட்டது. மிச்சம் 25 குச்சியை அவளே எண்ணிக் காட்டினாள்.

இது புதிய சங்கதி அல்ல. 1969-ல் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியைத் தொடங்கியவர்கள், பெரியவர்களும் ரசிக்கும் நகைச்சுவையை வேண்டுமென்றே அதில் சேர்த்தார்கள். பெற்றோரும் கூட உட்கார வேண்டும் என்பதே நோக்கம். நம் நாட்டிலும் 1975-76-ல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு போயிற்று. ஊர்ப் பொது டிவி முன் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

2021 கடைசியில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் குழந்தை மற்றவர்களோடு பின்தங்காமல் உட்கார்ந்தாள்.

நம் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். பேரன் பேத்தி டிவி பார்க்கும்போது அரை மணி கூட உட்காருங்கள். எழுத்து வந்தால் கோலமாவில் போடச் சொல்லுங்கள். மிருகம் வந்தால் நம் தெருவில் அது உண்டா என்று கேளுங்கள். பதில் தப்பாக வந்தால் திட்டாமல், "எப்படிம்மா வந்தது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எந்த டிவியும் கேட்காது.