அப்பா போன கிளப்

ரொம்ப நாளாச்சு மக்களே, இந்தப் பக்கம் வந்து. ஒட்டடை அடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். இன்னிக்கு மேட்டர், ரிட்டயர் ஆன ஆம்பிளைகள் கூடும் ஒரு கிளப். நம்ம ஊர்ல கிளப்புன்னா சீட்டாட்டம்தான் ஞாபகம் வரும். இது அது இல்லை.

2023 இல் அம்மா தவறிப்போனாங்க. அப்பாவைத் தனியா மதுரையில் விட மனசில்லாம, ஒரு வருஷ விசா வாங்கி சிட்னிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அப்போ அவருக்கு 78 வயசு. காலையில் நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு, பையன் ஸ்கூலுக்கு. அப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கிட்டு தெருவைப் பார்ப்பார். தெருவில் பார்க்க என்ன இருக்கு? குப்பை லாரி வரும். அதுவும் வாரம் ஒரு நாள்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் ஒருநாள் வேலிக்கு மேல எட்டிப் பார்த்து, "உங்கப்பாவை புரோபஸுக்கு அனுப்பேன், நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்"னார். ஏதோ சர்ச் சமாச்சாரமோன்னு எனக்கு உள்ளூர உதறல். விசாரிச்சா அப்படி இல்லை. 'புரொபஷனல்', 'பிசினஸ்' ரெண்டுலயும் தலையை மட்டும் வெட்டி ஒட்டின பேர்தான் புரோபஸ். 1960களின் நடுவில் இங்கிலாந்தில் ரோட்டரிக்காரங்க கை கொடுத்து ஆரம்பிச்சது. நியூசிலாந்துக்கு 1974 லயும், சிட்னியின் ஹண்டர்ஸ் ஹில்லுக்கு 1976 லயும் வந்திருக்கு. இப்போ பெண்களுக்குத் தனி கிளப், எல்லாரும் சேர்ந்த கிளப்னு நிறைய இருக்கு. எங்க பக்கத்து வீட்டுக்காரரோடது மட்டும் இன்னும் ஆம்பிளைங்க கிளப்.

நன்கொடை வசூல் கிடையாது. அரசியலும் மதமும் பேசக்கூடாது. மாசம் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கூடணும், சட்டையில் பேர் அட்டை குத்திக்கணும், டீ குடிக்கணும், யாராவது வந்து பேசுறதைக் கேக்கணும். நடுவில் ஒரு பஸ் பயணம், ஒரு நடை, புல்வெளியில் பந்து உருட்டுற விளையாட்டு. "இதுக்கா ஒரு சங்கம்?"னு அப்பா கேட்டார். நானும் அதேதான் நினைச்சேன்.

ஆனா போனார். முதல் கூட்டத்தில் வந்தவர் தேனீ வளர்ப்பு பத்திப் பேசினாராம். அடுத்த மாசம் ஒரு ஓய்வுபெற்ற விமானி. அதுக்கடுத்து காது கேக்கும் கருவி பத்தி ஒருத்தர். "பாதிக்கு மேல இங்கிலீஷ் புரியலைடா"ன்னார் அப்பா. "ஆனா பக்கத்துல இருந்தவருக்கும் காது கேக்கலை. சரியாப் போச்சு." அம்மா போனதுக்கப்புறம் அவர் அடிச்ச முதல் ஜோக் அது.

அவருக்குப் பிடிச்ச விஷயம் வேற. "அங்க எவனும் 'பையன் என்ன சம்பளம் வாங்குறான்'னு கேக்கலைடா. 'நீ என்ன வேலை பார்த்தே'ன்னு கேக்குறான்."

இப்போ வெக்கத்தை விட்டு ஒண்ணு சொல்லணும். ஒரு புதன்கிழமை, ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல போன் வந்துச்சு. உறுப்பினர்கள் நலனைப் பார்த்துக்கன்னே அந்தக் கிளப்பில் ஒருத்தர் உண்டு. எண்பதைத் தாண்டின மனுஷன். "உன் அப்பா இன்னிக்கு வரலை. வீட்டுக்குப் போன் பண்ணினேன், எடுக்கலை. எல்லாம் சரிதானே?"ன்னார். அடிச்சுப் பிடிச்சு வீட்டுக்குப் போனா, அப்பா போர்வைக்குள்ள காய்ச்சல்ல அனத்திக்கிட்டு இருக்கார். ரெண்டு நாளா காய்ச்சலாம். "வேலைக்குப் போறவனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு இருந்துட்டேன்"னார். ரெண்டு நாளும் ஒரே வீட்டில்தான் இருந்தேன். ராத்திரி "சாப்பிட்டீங்களாப்பா?"ன்னு கதவுக்கு வெளியே நின்னு கேட்டுட்டுப் போய்ப் படுத்திருக்கேன். அவர் இல்லைங்கிறது மாசம் ஒருமுறை பார்க்கிற மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு.

அந்தக் கிளப்பில் வெளியாள் பேச்சுக்கு முன்னாடி, உறுப்பினர் ஒருத்தர் பத்து நிமிஷம் தன் கதையைச் சொல்லுவார். ஊருக்குக் கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அப்பாவை அழைச்சாங்க. ஒரு வாரம் தமிழில் எழுதி எழுதிக் கிழிச்சார். பேரன்தான் இங்கிலீஷாக்கினான். நான் லீவு போட்டுட்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அப்பா ரயில்வேயில் பாலம் பராமரிப்புப் பிரிவில் இருந்தார்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அன்னிக்கு அவர் பேசினது பாம்பன் பாலம். 1914 இல் திறந்தது, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கடல் மேலயே போகும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலோட பயணிகளும் போனாங்க, பாலமும் சிதைஞ்சது. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிபண்ணினாங்க. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதுதான்.

இல்லாததையும் சொன்னார். 1967 இல் வேலைக்குச் சேர்ந்தப்போ, அந்தப் புயலைப் பார்த்த மேஸ்திரிகள் கடலுக்கு முதுகைக் காட்டி நிக்கவே மாட்டாங்களாம். கப்பல் வந்தா நடுப்பாலத்தை ஆட்கள் கையாலேயே சுத்தித் தூக்கணும். உப்புக்காத்து இரும்பைத் தின்னுக்கிட்டே இருக்கும். "இந்த முனையில பெயிண்ட் அடிச்சு அந்த முனைக்குப் போறதுக்குள்ள இங்க துரு ஏறிடும்"னார். முன்வரிசையில் ஒருத்தர் கையைத் தூக்கினார். சிட்னி ஹார்பர் பாலத்தில் பெயிண்டரா இருந்தவராம். "எங்களுக்கும் அதே கதைதான்!" நடிகர் பால் ஹோகன் கூட ஒரு காலத்துல அங்கதான் வேலை பார்த்தார்னு இன்னொருத்தர் எடுத்துக் கொடுக்க, ஒரே சிரிப்பு. பத்து நிமிஷம் முப்பது நிமிஷமாச்சு. அன்னிக்கு வந்த விருந்தினர் பாவம், தன் பேச்சைப் பாதியாக்கிக்கிட்டார்.

கார்ல வரும்போது, "இதையெல்லாம் ஏம்ப்பா என்கிட்ட சொல்லலை?"ன்னேன். "நீ கேக்கலையேடா"ன்னார். கோபமெல்லாம் இல்லை. சும்மா சொன்னார்.

2024 இல் மதுரைக்கே திரும்பிட்டார். இங்கயே இருந்துடுங்கன்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கலை. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த அன்னிக்கு நானே போன் பண்ணி அரைமணி நேரம் கேட்டேன். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோட ரயில் நின்னுபோச்சுங்கிறதை, உறவில் ஒருத்தர் போனதைச் சொல்ற குரலில் சொன்னார்.

அங்க ஓய்வூதியர் சங்கம் இருக்கு. ஆனா கூடினா டி.ஏ., மெடிக்கல் கார்டு, நவம்பர்ல வாழ்நாள் சான்று, இதைத் தாண்டிப் பேச்சு நகராதாம். இவர் காலை நடைக்கு வர்ற ஏழெட்டுப் பேர் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வச்சிருக்கார். யாராவது வரலைன்னா பத்து மணிக்குப் போன் பண்ணுவார். போன வாரம் ஒருத்தர் எடுக்கலையாம். ஆட்டோ பிடிச்சு நேர்லயே போயிட்டார்.

"என்னப்பா ஆச்சு?"ன்னேன் பதறி.

"ஒண்ணுமில்லைடா, பேத்தி போனை எடுத்து வச்சுக்கிட்டா. காப்பி குடுத்தாங்க, குடிச்சுட்டு வந்தேன்."

உங்க அப்பாக்கள் என்ன வேலை பார்த்தாங்கன்னு கேட்டிருக்கீங்களா மக்களே? கேட்டவங்க வந்து சொல்லுங்க. கேக்காதவங்க முதல்ல அவங்களுக்குப் போனைப் போடுங்க.