அத்தை பேரில் மூணு புள்ளி

கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கண்டத்தைத் தாண்டியாக வேண்டும். அதுதான் டைட்டில்! கேசட் காலத்தில் இதற்கு 'மிக்ஸிங்' என்று பெயர். "மிக்ஸிங்கோட எவ்வளவு? மிக்ஸிங் இல்லாம எவ்வளவு?" என்று ஸ்டுடியோக்காரரிடம் பேரம் பேசாத பெண் வீட்டுக்காரர் கிடையாது. மிக்ஸிங் என்றால் ஆப்பிளுக்குள் மாப்பிள்ளை, ரோஜாவுக்குள் பெண், தாஜ்மகாலுக்கு மேலே இரண்டு பேரும். நடுவில் பெயர்கள் பம்பரமாகச் சுற்றும். பெண்ணின் பெயர் என்ன என்று நாம் கண்டுபிடிப்பதற்குள் நாதஸ்வரக்காரர் வந்துவிடுவார்.

இன்றைக்கு அந்த ஸ்டுடியோ முழுவதும் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. செல்போனிலேயே எழுத்தைத் தங்கமாக்கலாம், கொளுத்தலாம், கண்ணாடி மாதிரி உடைக்கலாம், புகையாக்கி ஊதலாம். எல்லாம் செய்யலாம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே டைட்டிலில் செய்துவிடுகிறார்கள். அங்கேதான் தகராறு.

டைட்டில் என்பது சில்லறை விஷயம் இல்லை சார். ஹாலிவுட்டில் சால் பாஸ் என்று ஒரு டிசைனர் இருந்தார். 1958-ல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்துக்கு, ஒரு பெண்ணின் கண்ணுக்குள்ளிருந்து சுருள் சுருளாகக் கிளம்புகிற மாதிரி டைட்டில் செய்தார். படமே தலைசுற்றலைப் பற்றியது. ஆனால் கவனியுங்கள், சுருள்தான் சுற்றும், பெயர்கள் சுற்றாது! 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' ஆரம்பத்தில் கதைச் சுருக்கம் அடிவானத்தை நோக்கி நகர்ந்து போகுமே, அதில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸே கிடையாது. எழுத்துகளைப் பலகையில் அச்சடித்துக் கிடத்தி, அதன் மேல் காமிராவை நகர்த்திப் படம் பிடித்தார்கள். படிக்கிறவன் படித்து முடிக்கிற நிதானத்தில்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1992-ல் 'அண்ணாமலை' வந்தது. 'சூப்பர் ஸ்டார்' என்று புள்ளிப் புள்ளியாக ஒளிரும் எழுத்துகள் ஒவ்வொன்றாக வர, தியேட்டரில் விசில் பறந்தது. அந்த டைட்டிலின் சூட்சுமம் வெளிச்சத்தில் மட்டும் இல்லை. ஒரு எழுத்து வந்து நிற்கிறது, ரசிகன் கத்துகிறான், அப்புறம்தான் அடுத்த எழுத்து. திரை அவனுக்காகக் காத்திருக்கிறது!

இதெல்லாம் என் அத்தையின் 75-வது பிறந்த நாளில் எனக்கு உதவியது.

அத்தைக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ரேஷன் கார்டிலிருந்து நிலப் பத்திரம் வரை கைநாட்டு. 1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, நாற்பது வயதில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் எழுதியது தன் பெயரை. அன்றிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் தன் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுவாள். இன்றைக்கும் அதே வேகம்தான். ஒவ்வொரு எழுத்தாக.

பேரன் இன்ஜினீயரிங் படிக்கிறான். பழைய போட்டோக்களைக் கோத்து ஒரு வீடியோ தயாரித்து முதல் நாள் ராத்திரி போட்டுக் காட்டினான். இடி, மின்னல், நெருப்பு! நாலா பக்கமிருந்தும் எழுத்துகள் பாய்ந்து வந்து மோதி வெடித்தன. மொத்தம் மூன்றே செகண்ட்.

அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டாள்: "யாரு பேருப்பா அது?"

பேரன் முகம் தொங்கிவிட்டது. "உன் பேருதான் அப்பத்தா..."

"அப்படியா? ஓடிருச்சே!"

ராத்திரி நானும் அவனும் உட்கார்ந்தோம். அத்தை பெயர் 'பொ'வில் ஆரம்பிக்கும். தமிழ் சரியாகத் தெரியாத மென்பொருளுக்கு 'பொ' ஒரே எழுத்து என்று எப்படித் தெரியும்? கொம்பு இடது பக்கமிருந்தும், 'ப' மேலேயிருந்தும், கால் வலது பக்கமிருந்தும் தனித்தனியாகப் பறந்து வந்திருக்கின்றன! போதாக்குறைக்கு ஒளிவட்டம் வேறு. அது மெய்யெழுத்தின் புள்ளிகளை விழுங்கிவிட்டது. 'அம்மா'வில் புள்ளி போனால் 'அமமா'. இங்கிலீஷுக்கு அழகாக இருக்கிற ஜிகினாவெல்லாம் நம் எழுத்துக்கு ஒத்துவராது.

"ஒவ்வொரு எழுத்தையும் கொம்பு, கால், புள்ளியோட சேர்த்துத் தனிப் படமா ஆக்கிடு. ஆறு எழுத்து, ஆறு படம்" என்றேன். வெள்ளைச் சேலை கட்டிய போட்டோவின் மேல் வெள்ளை எழுத்து வைத்திருந்தான். பின்னால் கொஞ்சம் கறுப்பு நிழல் கொடுத்தோம். பழைய டி.வி.க்கள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் திரையின் அகல உயரத்தில் நடு 80 சதவிகிதத்துக்குள் டைட்டிலை அடக்குவது அந்தக் காலத்து விதி. அதையும் கடைப்பிடித்தோம்.

அடுத்தது ஓட்டம். "எழுத்து வந்து டக்குனு நிக்கக் கூடாது. நல்ல டிரைவர் ஸ்டாப்புல பஸ்ஸை நிறுத்துற மாதிரி வேகத்தைக் குறைச்சு வந்து நிக்கணும்." இதற்கு மென்பொருளில் 'ஈஸ்' என்று ஒரு வசதி உண்டு. நெருப்பை அணைத்தோம். இடியை அனுப்பிவிட்டோம். ஒரு எழுத்துக்கு ஒரு செகண்ட். பெயர் முழுதாக வந்த பிறகு பத்து செகண்ட் அப்படியே நிற்க வேண்டும்.

"பத்து செகண்டா! ரீல்ஸ்ல மொத்த வீடியோவே அவ்வளவுதான் மாமா. யார் பார்ப்பாங்க?"

"உங்க அப்பத்தா பார்ப்பாங்க."

தலையைச் சொறிந்துகொண்டு போட்டான்.

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் ஐம்பது பேர். விளக்கை அணைத்தார்கள். முதல் எழுத்து கீழேயிருந்து மெதுவாக எழுந்து வந்து நின்றது. அத்தையின் விரல் தானாகவே காற்றில் உயர்ந்தது. "பொ..." என்றாள். அடுத்தது வந்தது. "ன்..." மூன்றாவது எழுத்துக்குள் குழந்தைகள் சேர்ந்துகொண்டார்கள். கடைசி எழுத்துக்கு மொத்தக் கூடமும் கத்தியது. ஒரு பொடியன் விசிலே அடித்துவிட்டான்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த பத்து செகண்டில் விரலால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்துவிட்டுப் பேரன் பக்கம் திரும்பினாள்.

"மூணு புள்ளியும் இருக்கு. சரியாத்தான் எழுதியிருக்கே."