கதையில அது தப்பான ரிப்போர்ட்டாத்தான் இருக்கும்

உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் செம்பு நிறத்துல புள்ளி புள்ளியா தடிப்பு. அரிக்கல, வலிக்கல. “லைன்ல போடுற கிளவுஸ் ஒத்துக்கல போல மேடம்”னு சொன்னா. வயசு 21. ஒரகடம் பக்கம் ஓ.பி. பார்க்கிற எந்த டாக்டருக்கும் கிளவுஸ் அலர்ஜி தினசரி சமாசாரம். ஆனா கிளவுஸை யாரும் கால்ல போடுறதில்ல. அலர்ஜின்னா அரிக்காமலும் இருக்காது.

கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன். நோயைப் பத்திக் கொஞ்சம்தான் சொல்லப் போறேன். அவ கையில இருந்த கதையைப் பத்திதான் நிறைய.

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸை விட்டு இறங்கின கையோட வர்ற பொண்ணுங்க, டோக்கன் வாங்கிட்டு போன்ல மூழ்கிடுவாங்க. ரீல்ஸ்னு நினைச்சேன். ஒருநாள் எட்டிப் பார்த்தா பாதிப் பேர் கதை படிக்கிறாங்க. பிரதிலிபி மாதிரி ஆப்ல அத்தியாயம் அத்தியாயமா வர்ற காதல் தொடர். எங்கம்மா ரமணிசந்திரன் நாவலை லெண்டிங் லைப்ரரியில எடுத்துட்டு வந்து ஒரே மூச்சுல முடிப்பாங்க. இவங்களுக்குப் போன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல திறந்த சிப்காட் விடுதி ஒண்ணுல மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். பெரும்பாலும் இருபதை ஒட்டின வயசு. வீட்டுக்குத் தெரியாம காதலிக்கிறாங்க, சந்தேகம் வந்தா கேட்க அம்மா பக்கத்துல இல்ல. அந்த இடத்துல கதைதான் நிக்குது. படிக்காதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். நானே டூட்டி ரூம்ல திருட்டுத்தனமா படிச்சவ.

ஆனா இந்த முக்கோணக் காதல் கதைகள்ல ஒரு விஷயம் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. ஹீரோ வேற பொண்ணோட இருந்தான்னு நாயகிக்கு ஒரு ஆதாரம் கிடைக்கும். போட்டோ, ஹோட்டல் பில், சட்டையில ஒரு முடி. அழுவா, பிரிஞ்சு போவா. இருபது அத்தியாயம் கழிச்சுப் பார்த்தா அவன் ஒண்ணுமே பண்ணியிருக்க மாட்டான். ஜூஸ்ல ஏதோ கலந்திருப்பாங்க, இல்ல மாமியாரோட சதி, இல்ல அந்த இன்னொருத்தியோட வேலை. நம்பாததுக்கு நாயகிதான் மன்னிப்புக் கேட்பா. அந்த இன்னொருத்திக்கு லிப்ஸ்டிக்கைத் தவிர ஒரு மனசு உண்டான்னு கதை கேட்கவே கேட்காது.

இங்கிலீஷ் ‘ட்விலைட்’ல ஒரு பொண்ணு, ரெண்டு பசங்க. நம்ம தொடர்கள்ல ஒரு பையன், ரெண்டு பொண்ணுங்க. யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறாங்கங்கிறதுலயே எல்லாம் இருக்கு. (நம்ம சினிமாவுல மூணாவது மூலை டாக்டருக்குன்னே ஒதுக்கினது போல. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ டாக்டர் பழைய காதலியோட புருஷனைக் காப்பாத்திட்டு செத்தே போறார். ‘அந்த 7 நாட்கள்’ டாக்டர் பொண்டாட்டியை அவ காதலன்கிட்டயே சேர்க்கப் பார்க்கிறார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாதுங்க.)

நம்ம பழைய இலக்கியம் இந்த விஷயத்துல பூசி மெழுகல. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம், அதுக்கு உரிப்பொருள் ஊடல். ஏரியும் நெல்லுமா இருந்த இந்த ஊருங்களும் கம்பெனி வர்றதுக்கு முன்னாடி அந்த மருதம்தானே. ஐங்குறுநூறுல மருதத்துக்கு மட்டும் நூறு பாட்டு, ஓரம்போகியார் பாடினது. அங்க தலைவன் பரத்தைகிட்ட நிஜமாவே போறான். ஊருக்கே தெரியும். திரும்பி வந்து வாசல்ல நின்னா தோழி உள்ள விட மாட்டா, அதுக்கு ‘வாயில் மறுத்தல்’னு தனியாப் பேரே உண்டு. கடைசியில பல தடவை கதவு திறக்கும்தான். ஆனா நடந்ததை நடக்கலன்னு யாரும் சாதிக்கிறதில்ல.

சரி, அந்தப் பொண்ணு. வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ். சிபிலிஸ், இரண்டாம் கட்டம். சொன்னதும் அவ கேட்ட முதல் கேள்வி: “தப்பான ரிப்போர்ட்டா இருக்கும்ல மேடம்?”

நியாயமான கேள்விதான், அந்த டெஸ்ட் சில சமயம் பொய்யாவும் பாசிட்டிவ் காட்டும். டி.பி.எச்.ஏ. அனுப்பினேன். அதுவும் பாசிட்டிவ். அவளுக்கு ஏழு மாசமா பழகுற ஒரே ஒருத்தன். அவன் போன்ல ஒரு பொண்ணு போட்டோவைப் பார்த்திருக்கா. அத்தைப் பொண்ணுன்னானாம்.

“எனக்கு முன்னாடியே அவருக்கு வந்திருக்கலாம்ல?”

இருக்கலாம். இந்தக் கிருமி மாசக்கணக்குல சத்தமில்லாம உடம்புல கிடக்கும். யார் துரோகம் பண்ணாங்கன்னு ரிப்போர்ட் சொல்லாது. அந்த “இருக்கலாம்”ல அவ முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு பயமாயிடுச்சு. ஒரு அத்தியாயம் கூடக் கிடைச்ச மாதிரி இருந்தது அவளுக்கு. “முன்னாடியா இப்பவாங்கிறது எனக்குத் தெரியாதும்மா. ஆனா அவனுக்கு மருந்து போடாம நீ திரும்பப் போனா, உனக்கு இது திரும்ப வரும். அது எனக்கு நல்லாத் தெரியும்”னேன்.

பென்சாதின் பெனிசிலின், 24 லட்சம் யூனிட், ரெண்டு பக்க இடுப்புலயும் பிரிச்சு ஒரு தடவை. ஆரம்பத்துலயே வந்தா இவ்வளவுதான் வைத்தியம், விட்டா மூளை வரைக்கும் போகும். சம்மதம் கேட்டு எச்.ஐ.வி. டெஸ்டும் பார்த்தேன், நெகட்டிவ். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கணும். (அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல இது இலவசம், ரகசியமா வெச்சிருப்பாங்க. பேச மட்டும் ஆள் வேணும்னா 1097.)

எங்க தொழில்ல இன்னொருத்தின்னு யாரும் கிடையாது. மூணாவது ஆளும் ஊசி போடவேண்டிய ஒரு பேஷன்ட்தான். அவன்கிட்ட கொடுக்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதினேன்: நோய் பேர் கிடையாது, “இந்த மருத்துவரைப் பாருங்கள்”னு மட்டும். வாங்கி மடிச்சா. கதவு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தா.

“இன்னொரு சீட்டு கொடுங்க மேடம்.”

நான் எதுவும் கேட்கல.

மூணு வாரம் கழிச்சு அதுல ஒரு சீட்டு வந்தது. கொண்டு வந்தது ஒரு பொண்ணு. வேற விடுதி, இவளை விடச் சின்னவ. யார் கொடுத்தான்னு கேட்டேன். “ஒரு அக்கா வந்து கொடுத்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டல”ன்னா. மத்ததெல்லாம் அவளுக்கும் எனக்கும் உள்ளது.

இன்னொரு சீட்டு இன்னும் வரல.

மூணாவது மாசம் முதல் பொண்ணு ரத்தம் கொடுக்க வந்தா. வி.டி.ஆர்.எல். அளவு 32-ல இருந்து 8-க்கு இறங்கியிருந்தது. உள்ளங்கை சுத்தம், எச்.ஐ.வி. இந்தத் தடவையும் நெகட்டிவ். அவனைப் பத்தி அவளும் சொல்லல, நானும் கேட்கல. கதை என்னாச்சுன்னு மட்டும் கேட்டேன்.

“அவன் தப்பே பண்ணலயாம் மேடம். போட்டோ பொய்யாம்.” சிரிச்சா. “மூணு பேரும் போய் டெஸ்ட் எடுங்கன்னு கமென்ட் போட்டுட்டு வந்தேன்.”

ரைட்டர் இன்னும் பதில் போடலையாம்.