அது பாஸ், பெயில் போடும் பரீட்சை அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. ஏச விரும்புகிறவர்கள் முழுதாக வாசித்துவிட்டு ஏசலாம்.

நான் படிப்பித்த ஒரு பிள்ளை. இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. பிறப்புச் சான்றிதழில் ஆண். சின்ன வயதிலிருந்தே தான் பெண் என்றுதான் உணர்வதாகச் சொல்கிறது. விடயம் வீட்டில் வெடித்ததும் வாப்பா என்னிடம் வந்தார். "சேர், மனநல டாக்டரிட்ட காட்டினா மாத்திரை தருவாரா? இல்லாட்டி ஒபரேஷன் செய்யச் சொல்லி எழுதிக் குடுத்திருவாரா?" முதலாவது அவருடைய ஆசை. இரண்டாவது அவருடைய பயம்.

அவருக்குச் சிங்களம் வராது. அதனால் அரச ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். பிள்ளையிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆள் யாரென்று தேட வேண்டாம்.

டாக்டர் முதலில் பிள்ளையுடன் தனியே பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். பிள்ளைக்கு மனச்சோர்வு இருக்கிறது, நித்திரை இல்லை, அதற்கு மருந்து உண்டு என்றார். தான் ஆணா பெண்ணா என்ற உணர்வை மாற்ற மருந்து கிடையாது என்றார். ஒபரேஷன் பற்றி அன்று பேச்சே எழவில்லை. அடுத்த மாதம் வரச் சொன்னார். அதற்கடுத்த மாதமும்.

"இத்தனை தரம் அப்படி என்னத்தக் கேக்கிறாங்க?" என்றார் வாப்பா. எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வெட்டுப்புள்ளி உண்டு. ஆனால் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லிப் பார்ப்போமே, அதில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. இந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று அறியத்தான் அது. மனநல மதிப்பீடும் அந்த வகை. இந்த உணர்வு எவ்வளவு காலமாக இருக்கிறது? வேறு நோய் ஏதும் உண்டா? உயிரை மாய்க்கும் எண்ணம் வருகிறதா? ஓமோன் எடுத்தால், சத்திரசிகிச்சை செய்தால் எவை திரும்பி வராது, பிள்ளைப்பேறு என்னவாகும் என்பது விளங்கியிருக்கிறதா? இதையெல்லாம் ஒரே நாளில் கேட்டு முடிக்க ஏலாது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், இது மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே மனநல வைத்தியரிடம் போவது "பைத்தியம்" என்று முத்திரை குத்த அல்ல. எங்கள் நாட்டிலும் 2016இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. மனநல வைத்திய நிபுணர் பாலின அங்கீகாரச் சான்றிதழில் கையெழுத்திட்டால், அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். பிறகு அடையாள அட்டையையும் மாற்றலாம்.

அடுத்தது காசு. அரச கிளினிக் இலவசம். பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான் செலவு. சத்திரசிகிச்சை அப்படியல்ல. அரச ஆஸ்பத்திரியில் அது இலகுவில் கிடைக்காது, தனியாரிடம் போனால் பெரிய தொகை. கடல் தாண்டினால் தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தார்கள். அங்கே அரச ஆஸ்பத்திரிகளில் இந்தச் சத்திரசிகிச்சையை இலவசமாகச் செய்கிறார்கள்.

"இஸ்லாத்தில் இடமிருக்கா?" என்று கேட்பீர்கள். நான் முப்தி இல்லை. ஆண், பெண் இரண்டின் உடற்குறிகளோடும் பிறக்கும் குன்ஸாவுக்குச் சிகிச்சை செய்யலாம் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. மற்றவர்களுக்குக் கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. எகிப்தில் அல்அஸ்ஹர் மாணவர் ஒருவர் சத்திரசிகிச்சை செய்தபோது 1988இல் முப்தி தன்தாவி ஒரு பத்வா கொடுத்தார். உடலில் மறைந்திருப்பதை வெளிப்படுத்தச் செய்யலாம், வெறும் விருப்பத்துக்காகக் கூடாது என்பது அதன் சாரம். ஈரானில் கொமெய்னி 1980களில் அனுமதித்தார். அங்கே மாதக்கணக்கில் மதிப்பீடு நடக்கும், அரசு செலவில் ஒரு பங்கும் கொடுக்கும். ஆனால் விருப்பமில்லாதவர்களையும் ஒபரேஷனை நோக்கித் தள்ளுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே உண்டு. காசு இல்லாதது மட்டுமல்ல, காசு வரும் வழியும் ஒருவரை நெருக்கலாம்.

பத்வாவில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், மதிப்பீடு என்பது ஒபரேஷன் அல்ல. வைத்தியரிடம் கூட்டிப் போவதை எந்த மௌலவியும் ஹராம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"பிள்ளை அவசரப்பட்டு உடம்பைக் கெடுத்திடும்" என்று பயப்படும் உம்மா வாப்பாமாரே, அவசரத்தைத் தடுப்பது அந்தக் கிளினிக்தான். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைக்கு மாதாமாதம் கிளினிக் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. கொழும்பில் ஏதோ ஒரு அறையில் தங்கி, யாரோ சொன்ன ஓமோனை டாக்டர் இல்லாமலே விழுங்கும். கடன் கொடுக்கிறவன் சொல்கிற இடத்தில் படுத்து ஒபரேஷன் செய்துகொள்ளும். நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதை நீங்களே நடத்தி வைத்ததாகிவிடும்.

இந்த வாப்பா துரத்தவில்லை. இன்னும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்கிறார். ஆனால் கிளினிக் நாளன்று விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் பிள்ளையோடு பஸ் ஏறுகிறார். ஒபரேஷன் நடக்குமா, நடக்காதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளை இப்போது நித்திரை கொள்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறது.

எங்கள் ஊரில் இருதய ஒபரேஷனுக்கு, சிறுநீரகத்துக்கு என்று ஜும்ஆ முடிய உண்டியல் நீட்டுகிறோம். அல்ஹம்துலில்லாஹ். இதற்கும் நீட்டச் சொல்லவில்லை, அதை உலமாக்களும் டாக்டர்மாரும் உட்கார்ந்து பேசட்டும். நான் கேட்பது கிளினிக்குப் போக பஸ் காசு, வீட்டில் ஒரு பாய், பிள்ளையைப் பெயர் சொல்லி ஏசாத வாய். இவ்வளவுதான்.

எந்தக் கிளினிக், எந்த நாள் என்று தெரிய வேண்டியவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். யாருக்கும் சொல்ல மாட்டேன்.